கணவருடன் நேரில் வரவும்

குமரா,

உன் கிரகப்பிரவேசப் பத்திரிகை நேற்று மத்தியானம் கைக்கு வந்தது. மேலே என் பெயரையும் அம்மா பெயரையும் பெரிதாகப் போட்டிருக்கிறாய். அம்மா பெயருக்கு முன்னால் தெய்வத்திருமதி என்று சேர்த்திருக்கிறாய். சேலத்தில் சொந்தமாக ஒரு வீடு கட்டிவிட்டாய், எனக்குச் சந்தோஷம்தான். பத்திரிகை வந்துவிட்டது என்று சொல்லலாமே என்று சாயங்காலம் கவிதாவுக்குப் போன் செய்தேன். அவள் உன் அத்தையின் இடுப்பு வலியை விசாரித்தாள், இங்கே மழை உண்டா என்று கேட்டாள், அப்புறம் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள். அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் பெண் டீச்சர்களுக்கு முகாம் வைத்துப் புற்றுநோய் டெஸ்ட் எடுத்தார்களாம். அவளுக்கு எடுத்ததில் ஏதோ சந்தேகம், இன்னொரு டெஸ்ட் பார்க்க வேண்டும், வருகிற வியாழக்கிழமை வா என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்களாம். விசேஷம் முடியட்டும், மூன்று வாரம்தானே என்று நீ சொல்லிவிட்டாயாம். "அவுரு சொல்றதும் சரிதானுங்க மாமா, நல்ல காரியம் நடக்கும்போது எதுக்கு அந்தப் பேச்சு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு சரியாக இல்லை. போனை வைத்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அத்தை இரண்டு தடவை சோற்றுக்குக் கூப்பிட்டும் எழுந்திருக்க முடியவில்லை.

இதை உன்னிடம் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய். உன் சரிப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், அதற்கு வேறு அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் தெருவிலிருந்து நாளைக் காலை ஒருவர் சேலம் போகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புவேன். ஏன் தபாலில் போடவில்லை என்பது படித்துக்கொண்டே வந்தால் புரியும். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். வியாழக்கிழமை கவிதாவைக் கூட்டிக்கொண்டு நீ அந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவளைத் தனியாக அனுப்பாதே, அவள் அம்மாவோடும் அனுப்பாதே, நீயே போ. ஏன் என்று சொல்ல, உன் அம்மாவைப் பற்றி நான் இதுவரை உன்னிடம் சொல்லாததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. படித்துவிட்டுக் கவிதாவிடமும் கொடு. வேறு யார் கேட்டாலும் கொடு.

எண்பத்தேழாம் வருஷம் உன் அம்மா அஞ்சலைக்கு முப்பத்திரண்டு வயது. உனக்கு ஆறு முடிந்திருந்தது. அந்த ஆடியில் வடக்கனந்தலில் பெண்களுக்கென்று ஒரு மருத்துவ முகாம் போட்டார்கள். நர்ஸம்மா வீடு வீடாக வந்து கூப்பிட்டார்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று பாதிப் பெண்கள் கரும்புக் கொல்லைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். உன் அம்மா மட்டும் தலையை வாரிக்கொண்டு தானாகப் போனாள். அதற்குக் காரணம் இருந்தது. மாதக் கணக்குக்கு வெளியே, எதிர்பாராத நாட்களில் அவளுக்கு ரத்தம் பட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் சேர்ந்திருந்த மறுநாளும் பட்டது. மகனுக்கு இதை எழுதக் கை கூசுகிறது. கூசிக் கூசித்தான் அவளைத் தொலைத்தோம், அதனால் எழுதுகிறேன். முகாமுக்கு முன்பே அவள் என்னிடம் இரண்டு மூன்று முறை சொன்னாள். உடம்புச் சூடு, இளநீர் குடி, ராத்திரியே வெந்தயத்தை ஊறப்போடு என்று சொன்னேன். ஏதோ பெரிய வைத்தியன் மாதிரி சொன்னேன். அவள் குடித்தாள், நிற்கவில்லை. முகாமில் கண்ணாடி போட்ட ஒரு இளவயசு டாக்டரம்மா அவளைப் பார்த்து, கர்ப்பப்பை வாயிலிருந்து சிறிது எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, விலாசம் எழுதிக்கொண்டு, முடிவு தபாலில் வரும் என்று அனுப்பியிருக்கிறார். திரும்பி வந்தவள் டெஸ்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த டாக்டரம்மா பேசி முடிக்கிறவரைக்கும் தன் கையை விடவே இல்லை என்பதை மட்டும் நாலு பேரிடம் சொன்னாள்.

அடுத்து வந்த புரட்டாசியில்தான் சாலை மறியல். நம் ஜனம் படிக்கவும் உத்தியோகத்துக்குப் போகவும் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று கேட்டு ஒரு வாரம் வட மாவட்டங்கள் எல்லாம் நின்றுபோயின. நான் அதில் இருந்தேன். எங்கள் பக்கத்துச் சாலையில் குறுக்கே சாய்த்த புளியமரத்தை அறுத்த ரம்பத்தின் ஒரு பிடி என் கையில் இருந்தது. அந்தப் போராட்டத்தின் நியாயம் அநியாயம் எல்லாம் இந்தக் கடிதத்துக்கு வேண்டாம். பிறகு அந்த ஒதுக்கீடு வந்தது, அதில் கிடைத்த இடத்தில்தான் நீ பாலிடெக்னிக் படித்தாய், இன்று உன் பெயர் போட்ட கடை நடத்துகிறாய். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மறியல் முடிந்ததும் கேஸ் போடுகிறார்கள், பெயர் எழுதிக்கொண்டு போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. ஊரில் ஆம்பிளைகள் ஒருவரும் வீட்டில் தங்கவில்லை. நான் கல்வராயன் மலைக்கு ஏறிவிட்டேன். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் பொன்னுசாமி என்று ஒரு மலைக்காரர், கடுக்காயும் புளியும் கொண்டுவந்து நம் ஊர்ச் சந்தையில் விற்பவர், எனக்குப் பழக்கம். அவர் வீட்டில் சாமைச் சோறு தின்றுகொண்டு மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டு மூன்று மாதம் கிடந்தேன். வாரா வாரம் அவர் சந்தைக்கு இறங்கும்போது உன் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து, நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று எனக்குச் சொல்வார்.

ஐப்பசியில் ஒரு வாரம் அவர் வந்தபோது மடியிலிருந்து ஒரு பழுப்பு நிறக் கவரை எடுத்துக் கொடுத்தார். சர்க்கார் முத்திரை குத்தியிருந்தது. அஞ்சலை என்று உன் அம்மா பெயர் போட்டு வந்த கடிதம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மற்ற சமயமாக இருந்தால் தபால்காரரே பிரித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போவார். ஆனால் அவள் அவரிடம் கொடுக்கவில்லை, பக்கத்து வீட்டிலும் காட்டவில்லை. முகாமில் எடுத்த டெஸ்டாக இருந்தால் ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று வெட்கம் ஒரு பக்கம். போலீஸ் சமாச்சாரமாக இருந்தால் என்ன ஆவது என்ற பயம் ஒரு பக்கம். அந்த நாட்களில் சர்க்கார் கவர் என்றாலே எங்கள் பக்கத்தில் எல்லோரும் பிரிக்கவே யோசிப்பார்கள். பட்டா விஷயம் என்று சீட்டு அனுப்பி வரவழைத்து ஆளைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள் என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டார்கள். நிஜமா பொய்யா என்று யாரும் விசாரித்ததில்லை. அதனால் கவரைப் பிரிக்காமல், பொன்னுசாமி மடியில் அவளே செருகி, "அவுருகிட்டயே குடுத்துடுங்க, அவுரு படிச்சிட்டு சொல்லட்டும்" என்று அனுப்பியிருக்கிறாள்.

நான் பிரித்துப் படித்தேன். அச்சடித்த தாள், நடுநடுவே பேனாவால் நிரப்பியிருந்தது. தங்களுக்கு எடுக்கப்பட்ட பரிசோதனையில் மேற்கொண்டு பார்க்க வேண்டியிருப்பதால், கீழ்க்கண்ட தேதியில் இந்த மருத்துவமனைக்குக் கணவருடன் நேரில் வரவும் என்று இருந்தது. கணவருடன் என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது. பொன்னுசாமியிடம் படித்துக் காட்டினேன். "பாத்தீங்களா, இன்னாத்துக்கு என்னயும் வரச் சொல்றாங்க? ஆஸ்பத்திரி பேரச் சொல்லி தூண்டில் போடறானுங்க" என்றேன். அவர் மலைக்காரர், எங்கள் ஊர் வழக்கு அவருக்கு என்ன தெரியும், இருந்தாலும் இருக்கும் என்று தலையை ஆட்டினார். அவர் மனைவி அடுப்பில் சாமை கிளறிக்கொண்டிருந்தாள். போகக் கூடாது, யார் வந்து கூப்பிட்டாலும் கடிதமே வரவில்லை என்று சொல்லிவிட வேண்டும் என்று அஞ்சலைக்குச் சொல்லி அனுப்பினேன். சொல்லிவிட்டு, அந்தக் கடிதத்தைக் கவரோடு மடித்து அடுப்புக்குள் போட்டேன். அந்தப் பெண் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏண்ணா, பொம்பளைக்கி வந்த காயிதம் அது. நீ படிச்சிட்டு நெருப்புல போட்டா, அவளுக்கு யாரு படிச்சி சொல்றது?"

நான் எழுந்து மரவள்ளிக் காட்டுக்குப் போய்விட்டேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

உன் அம்மா போன பிறகு, போலீஸ் கடிதம் என்று நினைத்து ஏமாந்துபோனோம் என்று சொந்தக்காரர்களிடம் சொன்னேன். எல்லோரும் பாவம் என்றார்கள். அந்த நேரம் அப்படி, நீ மட்டும் என்ன செய்வாய் என்றார்கள். அத்தை இன்றுவரை அதைத்தான் நம்புகிறாள். உனக்கு அதைக்கூட நான் சொல்லவில்லை, அம்மாவுக்குப் புற்றுநோய் வந்து போய்விட்டாள் என்று மட்டும் சொல்லி வளர்த்தேன். நிஜம் என்னவென்றால், அந்தத் தாளின் அடியில், அச்சுக்கெல்லாம் கீழே, பேனாவால் இரண்டு வரி எழுதியிருந்தது. பயப்பட வேண்டாம் அஞ்சலை, சீக்கிரம் வந்தால் குணப்படுத்திவிடலாம் என்று எழுதி, கீழே அந்த டாக்டரம்மாவின் கையெழுத்து. அந்த இரண்டு வரியை நான் பொன்னுசாமிக்குப் படித்துக் காட்டவில்லை. எந்தப் போலீஸ்காரன் குமரா, பயப்பட வேண்டாம் என்று எழுதுவான்? படித்த அந்த நிமிஷமே எனக்குத் தெரியும், இது டாக்டர் போட்ட கடிதம்தான் என்று. தெரிந்தும் எரித்தேன். மலையை விட்டு இறங்கினால் பிடித்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். பொய்க் கடிதம் என்று நம்பியிருந்தால் அதை மடியில் வைத்திருந்து, பார்த்தீர்களா அநியாயத்தை என்று ஊரெல்லாம் காட்டியிருப்பேன். வேறு யாரும் படித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் எரித்தேன். ஏமாந்தோம் என்பது நானாக ஜோடித்த கதை. பயந்தேன் என்பதுதான் நடந்தது. இப்போதும் வாசலில் தபால்காரர் நின்றால் நான் உள்ளே போய்விடுகிறேன். அத்தைதான் போய் வாங்குவாள். உன் பத்திரிகையைக்கூட அவள்தான் வாங்கினாள்.

மார்கழி கடைசியில் ஊருக்கு இறங்கி வந்தேன். என் பெயரில் எந்தக் கேஸும் இல்லை. யாரும் என்னைத் தேடவே இல்லை என்று பிறகு தெரிந்தது. ரம்பத்தின் ஒரு பிடி பிடித்தவனைத் தேடிப் போலீஸ் மலை ஏறும் என்று நினைத்துக்கொண்டேனே, என்னைவிடப் பெரிய முட்டாள் தாலுகாவில் உண்டா? வந்த இரண்டாம் நாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது உன் அம்மா பக்கத்தில் வந்து நின்று, "அந்தக் கடுதாசில இன்னாங்க எழுதியிருந்திச்சி?" என்று கேட்டாள். போலீஸ் கடிதம், விடு என்றேன். சரி என்று போய்விட்டாள். மாசியில் கரும்பு வெட்டு நடக்கும்போது இன்னொரு தடவை கேட்டாள். எத்தனை தடவை சொல்வது என்று கத்தினேன். கரும்புச் சோகைக் கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு போனாள். மூன்றாவது தடவை அவள் கேட்கவே இல்லை. அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. இன்றைக்கும் பம்புசெட் அருகில் தனியாக நின்றால், யாரோ பின்னால் வந்து நின்று கேட்கப்போகிற மாதிரி இருக்கிறது. திரும்பிப் பார்ப்பேன், ஒருவரும் இருக்க மாட்டார்கள். கேட்டுவிட்டால்கூடத் தேவலை என்று தோன்றும்.

இடையில் வேறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விட்டுப்போகும். மாதம் ஒரு தரம் அத்தைக்குச் சர்க்கரையும் பிரஷரும் பார்க்க நம் வீட்டுக்கு ஒரு நர்ஸ் வருகிறது. சின்னப் பெண், படபடவென்று பேசும். இன்று காலை அது வந்தபோது நிறுத்திவைத்துக் கவிதா விஷயத்தைக் கேட்டேன். பெண்கள் சமாச்சாரத்தை ஒரு கிழவன் கேட்கிறானே என்று அது முதலில் அத்தை முகத்தைப் பார்த்தது. அப்புறம் உட்கார்ந்து சொன்னது. அந்தக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லையாம், வருஷக்கணக்கில் மெதுவாக மாறுமாம், மாறத் தொடங்கும்போதே கண்டுபிடித்தால் அந்த இடத்தை மட்டும் சின்னதாகச் சரி செய்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். சந்தேகம் என்று மறுபடி கூப்பிடுகிற நிறையப் பேருக்குப் பெரிதாக ஒன்றும் இருக்காதாம். அந்த டெஸ்டை முப்பது வயதுக்கு மேல் எல்லாப் பெண்களும், ஒன்றுமே தெரியாவிட்டாலும், சில வருஷத்துக்கு ஒரு தரம் எடுக்க வேண்டுமாம். மார்பில் கட்டி கிட்டி தட்டுகிறதா என்று தானே தடவிப் பார்ப்பது, டாக்டரிடம் காட்டுவது, அதுவும் உண்டு. மாதம் நின்றுபோன பிறகு மறுபடி பட்டால் ஒரு நாள் தள்ளக் கூடாதாம். மூன்று வாரத்தில் குடி முழுகிவிடாது என்றும் அதுதான் சொன்னது, உனக்கு நியாயமாக அதையும் எழுதிவிட்டேன். ஆனால் உன் மூன்று வாரத்தை நான் அறிவேன். விசேஷம் முடிந்தால் விருந்தாளிகள் இருப்பார்கள். அவர்கள் போனால் பள்ளிக்கூடத்தில் பரீட்சை வரும். அப்புறம் ஆடி வரும், ஆடியில் எதற்கு என்பாய். அவளுக்கு வலி கிலி இல்லாதவரைக்கும் தள்ளிக்கொண்டே போவாய். நானும் அப்படித்தான் தள்ளினேன்.

பேத்தி யாழினியையும் பார். போன தடவை வந்தபோது, பதின்மூன்று வயதுப் பெண், அரிசி வாளிக்குள் கையை விட்டு வாய் நிறையப் பச்சை அரிசியை மென்றுகொண்டிருந்தாள். கல்யாணத்தன்று மழை பெய்யும் என்று கவிதா அவளைக் கேலி செய்தாள், நீயும் சிரித்தாய். உன் அம்மாவும் அப்படித்தான் தின்பாள், நாங்களும் அதையேதான் சொல்லிச் சிரித்தோம். ரத்தம் கம்மியாக இருந்தால் அப்படி அரிசியும் மண்ணும் தின்னச் சொல்லுமாம், விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமாம். உன் அம்மாவுக்கு யாரும் பார்க்கவில்லை. பார்த்து மாத்திரை கொடு. அந்தப் புற்றுநோய் வராமல் இருக்க யாழினி வயதிலேயே போடுகிற ஊசியும் இப்போது வந்திருக்கிறதாம், டாக்டரிடம் கேட்டுப் போடு. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதே, அதற்கு முன்னாலேயே போடுவதுதான் நல்லதாம். அத்தையைப் பற்றி உனக்கே தெரியும். உன்னைத் தூக்கி வளர்த்தவள், எழுபத்தேழு வயது வரை ஒரு டாக்டரையும் பார்த்ததில்லை என்று பெருமை பேசுவாள். போன வருஷம் குளியலறையில் வழுக்கி உட்கார்ந்த மாதிரிதான் விழுந்தாள், இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. எலும்பு பல வருஷமாகவே தேய்ந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லையா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். நானும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "எனக்கு இன்னாடி டெஸ்டு, சுடுகாட்டுக்குப் போற வயசுல" என்று இப்போதும் நர்ஸிடம் சண்டை போடுகிறாள். ஆனால் கையை நீட்டுகிறாள்.

உன் அம்மாவிடம் வருகிறேன். அடுத்த ஆடியில் அவளுக்கு ரத்தம் நிற்காமல் போக ஆரம்பித்தது. இடுப்பிலும் தொடையிலும் வலி. பயிரில் குனிந்தவள் நிமிர முடியாமல் வரப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கள்ளக்குறிச்சியில் காட்டினேன், அவர்கள் தாமதம் பண்ணாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கடிதம் வந்த அதே ஆஸ்பத்திரிதான். உன்னை அத்தையிடம் விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிப் போனோம். உள்ளே போனால் அதே டாக்டரம்மா. ஒரு வருஷம் கழித்தும் அவருக்கு உன் அம்மாவை அடையாளம் தெரிந்தது. சோதித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து கை கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார், ரொம்ப நேரம் கழுவினார். பிறகு ஒரு பெரிய நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டி ஒரு இடத்தில் விரலை வைத்தார். முன்கூட்டியே லெட்டர் போட்டோமே, நானே கைப்பட எழுதினேனே, ஏனம்மா வரவில்லை என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அழுகிற மாதிரி கேட்டார். நான் உன் அம்மாவுக்கு ஒரு சாண் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். உன் அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"கடுதாசி ஒண்ணும் வர்லீங்க டாக்டரம்மா."

தன் கையால் பொன்னுசாமி மடியில் செருகி அனுப்பியவள் அவள். யார் வந்து கேட்டாலும் வரவில்லை என்று சொல்ல வேண்டும் என்று நான் சொல்லியனுப்பினேனே, அதை அப்படியே சொன்னாள். அந்த ஒரு வரியிலிருந்து எனக்குப் புரிந்துவிட்டது, அவளுக்கு எல்லாம் தெரியும். நான் மாட்டுத் தொட்டியருகே போலீஸ் கடிதம் என்று சொன்னபோதே தெரிந்திருக்கிறது. அந்த இடத்திலாவது நான் வாயைத் திறந்து, வந்தது, நான்தான் எரித்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த டாக்டரம்மா தபால்காரரை நொந்துகொண்டு நோட்டை மூடினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். நான் அழுதுகொண்டு வந்தேன். திண்டிவனம் தாண்டினதும் அவள் என் தோளில் தட்டி, "வுடுங்க. நடந்தது நடந்துபோச்சி. புள்ள காதுல மட்டும் இத போட்டுடாதீங்க, அவன் உங்களத்தான் நம்பிக்கினு இருக்கணும்" என்றாள். அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். தையில் போய்விட்டாள். முப்பத்துநான்குகூட நிறையவில்லை. உன் மனைவிக்கு இப்போது நாற்பத்தொன்று, உன் அம்மாவைவிட மூத்தவள். பத்திரிகையில் அச்சடித்த பெயரைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு அந்தக் கணக்குத்தான் ஓடுகிறது.

இத்தனை வருஷம் அவள் பேச்சைக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. சொல்லாமல் இருந்தது எனக்கும் சௌகரியமாக இருந்தது. இன்றைக்கு மீறிவிட்டேன். நீ என்னை இனி எப்படி நினைப்பாய் என்று எனக்குத் தெரியாது. பத்திரிகையில் அம்மா பெயர் போட்ட இடத்தில் என் பெயரைப் பார்க்க உனக்குப் பிடிக்காமல் போகலாம். விசேஷத்துக்கு என்னைக் கூப்பிடாமல் விட்டாலும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கோபத்தை வெள்ளிக்கிழமைக்கு மேல் வைத்துக்கொள். அதற்கு முன் எனக்குப் போன் செய்து நேரத்தை வீணாக்காதே. கடையை ஒரு நாள் பூட்டு, சாமான் எடுக்க வேறு நாள் போ. கவிதா வேண்டாங்க, அப்புறம் பார்க்கலாங்க என்று சிரிப்பாள், அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடாதே. அவள் பயந்துபோயிருக்கிறாள். நீயும் பயந்துபோயிருக்கிறாய், எனக்குத் தெரியும், நல்ல காரியம் என்று சொல்வதெல்லாம் சாக்கு. பயப்படுவதில் தப்பில்லை குமரா. பயந்துகொண்டே போய் அங்கே உட்கார், போதும். அவர்கள் என்ன சொன்னாலும் அவளுக்கு அப்படியே சொல், ஒரு வார்த்தை குறைக்காதே. அந்த டாக்டர் உள்ளே கூப்பிட்டு, வீட்டுக்காரர் வந்திருக்கிறாரா என்று கேட்பார். கவிதாவைப் பதில் சொல்ல விடாதே. நீ எழுந்து நில்.

அப்பா